நகரம் வந்து சேரும்போது ஊர் எதை இழக்கிறது? ஒரு கையெழுத்துக்கு முன் எழும் கேள்விகள்

தெங்காவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவின் ஊர், செங்கல்பட்டு மாவட்டத்தில் வண்டலூருக்கு மேற்கே உள்ள ஒரு சிற்றூர். அங்கே ஏரிக்குக் கீழே தாத்தா வைத்திருந்த 80 சென்ட் நன்செய் நிலத்தை மனைப்பிரிவு போடும் ஒருவருக்கு விற்கப்போவதாகவும், அதற்கு அம்மாவின் கையெழுத்து வேண்டுமென்றும் மாமா போன மாதம் தொலைபேசியில் சொன்னார். அந்த நிலத்தில் நெல் விளைந்த காலம் முழுவதும் அம்மாவுக்கும் அதில் பங்கு உண்டு என்று யாரும் பேசியதில்லை. நெல் விளைந்தவரை நிலம் மாமாவினுடையதாக இருந்தது. மனையாகும் என்றவுடன் அது குடும்பச் சொத்தாகிவிட்டது.

அம்மா என்னிடம் யோசனை கேட்டார். நான் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவன். நிலம் என்றால் 99 ஆண்டுக் குத்தகை என்பதைத் தவிர வேறொன்றும் அறியாதவன். நாங்கள் இப்போது குடியிருக்கும் தெங்காவேகூட முன்பு கம்பங்கள் எனப்படும் சிற்றூர்களும் செங்கல் சூளைகளுமாக இருந்து, பிறகு படைப்பயிற்சிக் களமாக மாறி, இன்று ஏறத்தாழ 700 ஹெக்டேர் பரப்பில் 42,000 வீடுகளுக்குத் திட்டமிடப்பட்ட புதுநகரமாக எழுந்துகொண்டிருக்கும் இடம்தான். மின்தூக்கியில் இறங்கும்போதெல்லாம், இங்கே இருந்தவர்கள் கையெழுத்திடும்போது என்ன நினைத்திருப்பார்கள் என்ற எண்ணம் வருகிறது.

விலை நியாயமா என்று நான் கேட்கவில்லை; அதை மாமா விசாரித்துக்கொள்வார். நகரம் விளிம்புக்கு வந்து சேரும்போது ஒரு ஊருக்குள் என்னதான் நடக்கிறது, பணமாகக் கணக்கிட முடியாமல் போவது எது என்பதை, அதை அனுபவித்தவர்களும் துறை அறிந்தவர்களும் விளக்கினால் அம்மாவுக்குப் படித்துக் காட்டுவேன்.

சோங் பாங் பெரியவர் எழுதியது:

தம்பி, உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதிக்கு மட்டும் என்னால் பதில் சொல்ல முடியும். என் அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். பிரிட்டிஷ் படை 1971இல் வெளியேறிய பிறகும் எங்கள் குடும்பம் அந்த வட்டாரத்திலேயே, பலகைச் சுவரும் துத்தநாகத் தகட்டுக் கூரையும் கொண்ட கம்பத்து வீட்டில் இருந்தது. எண்பதுகளில் வீட்டைக் காலிசெய்யும் எங்கள் முறை வந்தது.

மறுகுடியமர்வு அதிகாரி ஒருவர் பதிவேட்டோடு வந்து, வீட்டின் நீள அகலத்தை அளந்தார். பிறகு வாசலில் நின்ற மரங்களை எண்ணினார். தென்னை இத்தனை, ரம்புத்தான் இத்தனை, காய்க்கும் மரமா, இளங்கன்றா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விகிதம் இருந்தது. கோழிக்கூண்டுக்கும் ஒரு தொகை எழுதப்பட்டது. அவர் மரியாதையாகவே நடந்துகொண்டார், கணக்கும் சரியாகவே இருந்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். ஆனால் என் பாட்டி அந்தக் கோழிகளின் முட்டையையும் கொல்லைக் கீரையையும் விற்று, யாரிடமும் கைநீட்டாமல் தன் வெற்றிலை பாக்குச் செலவையும் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்கும் காசையும் தானே பார்த்துக்கொண்டார். கூண்டுக்குத் தொகை வந்தது. அந்தக் கூண்டை வைத்துப் பாட்டி வீட்டில் பெற்றிருந்த இடத்துக்கு எந்தப் பதிவேட்டிலும் ஒரு வரி இல்லை. ஒன்பதாவது மாடிக்குப் போன பிறகு, எழுபது வயதில், முதன்முறையாக அவர் அப்பாவிடம் காசு கேட்க வேண்டியதாயிற்று.

கம்பத்து வாழ்வைச் சொர்க்கமாக்கிப் பேசுபவர்களோடு நான் சேரமாட்டேன். மழைக்காலத்தில் வெள்ளம் முழங்கால்வரை வரும். கழிப்பறை வீட்டிலிருந்து தள்ளியிருக்கும். இரவில் அம்மாவோ அக்காவோ தனியாகப் போக அஞ்சுவார்கள். புக்கிட் ஹோ சுவீயில் 1961 மே 25ஆம் தேதி பிடித்த தீ, ஒரே நாளில் ஏறத்தாழ 16,000 பேரை வீடற்றவர்களாக்கியது என்பது எங்கள் தலைமுறைக்கு வெறும் வரலாறு அன்று. அத்தாப்பு ஓலைக் கூரைக்குக் கீழே அடுப்பு மூட்டிய ஒவ்வொரு தாயின் மனத்திலும் இருந்த பயம் அது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் வீட்டுக்குள் நுழைந்த அன்று அம்மா அழுதது துயரத்தால் அன்று.

மாறியது மாதக் கணக்கு. கம்பத்தில் வருமானம் குறைந்த மாதத்தில் செலவும் தானாகக் குறையும். கொல்லையும் கோழியும் மளிகைக்கடைப் பற்றும் ஏற்ற இறக்கத்தைத் தாங்கிக்கொள்ளும். அடுக்குமாடியில் மின்சாரம், தண்ணீர், துப்புரவுக் கட்டணம், வீட்டுத் தவணை எல்லாமே மாதந்தோறும் ரொக்கமாகக் கட்டவேண்டியவை. மாதச் சம்பளம் உள்ளவர்கள் உயர்ந்தார்கள். கைத்தொழிலையும் சில்லறை வியாபாரத்தையும் நம்பியிருந்தவர்கள் சில ஆண்டுகள் திணறினார்கள்.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். எங்கள் சோங் பாங் கிராமம் இன்று இல்லை; அந்தப் பெயர் மட்டும் ஈசூனில் ஒரு குடியிருப்பு வட்டாரத்துக்கும் உணவங்காடிக்கும் வைக்கப்பட்டிருக்கிறது. கான்பரா சாலைப் பக்கம் ஒரு மரத்தடியில் தொடங்கிய புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயமும் ஈசூன் தொழிற்பேட்டைக்கு இடம் மாறியது. ஆனாலும் பங்குனி உத்திரத்தன்று, தீவின் எல்லாத் திசைகளுக்கும் சிதறிப்போன பழைய கடற்படைத்தளக் குடும்பங்கள் அங்கே வந்து சேர்கின்றன. நிலம் கையைவிட்டுப் போன பின்னும் ஊர் ஒரு நாளாவது கூடுகிறது என்றால், கூடுவதற்கு ஓர் இடம் எஞ்சியதுதான் காரணம்.

ஏரிக்கரைப் பெண் எழுதியது:

ஐயா எழுதியதைப் படித்துச் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு ஆண்டுகளாக சிங்கப்பூரில் வேலை செய்கிறேன். என் ஊர் சென்னையின் தென்விளிம்பில் இருந்தது. இருந்தது என்று எழுதக் காரணம், 2011இல் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிவாக்கப்பட்டபோது இணைக்கப்பட்ட 42 உள்ளாட்சி அமைப்புகளில் எங்கள் ஊராட்சியும் ஒன்று. அந்த 42இல் 25 கிராம ஊராட்சிகள்.

தெங்காவாசி, உங்கள் அம்மாவிடம் முதலில் ஏரியைப் பற்றிக் கேளுங்கள். செங்கல்பட்டு வட்டாரம் ஏரிகளின் நாடு. ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே வழியும் நீர் அடுத்த ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்த ஏரிக்குப் போகும். வரத்துக்கால், மதகு, பாசன வாய்க்கால், வடிகால் எல்லாம் சேர்ந்ததுதான் ஏரி. அதைத் தனித்த நீர்நிலையாகப் பார்ப்பது தவறு. அந்த அமைப்பை உயிரோடு வைத்திருந்தது ஆயக்கட்டு, அதாவது ஏரிநீர் பாயும் வயல்களின், விவசாயிகளுடைய தேவை. தன் வயலுக்குத் தண்ணீர் வேண்டும் என்பதால் ஒருவர் வாய்க்காலில் மண் அள்ளினார். அறுவடையில் நெல் கிடைக்கும் என்பதால், வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் நீர்க்கட்டி இரவிலும் போய் மதகைப் பார்த்தார்.

வயல் மனையாகும்போது அந்தத் தேவை முதலில் சாகிறது. ஆயக்கட்டில் பாதிப்பேர் விற்றுவிட்டால், மீதிப் பாதிப்பேருக்கு வாய்க்காலைத் தனியே தூர்வார வலு இருக்காது. தண்ணீர் கடைமடை வரை வராது. தண்ணீர் வராததால் அவர்களும் விற்பார்கள். எங்கள் ஊரில் கடைசியாக விற்றவர்களில் என் அப்பா ஒருவர். அவர் விலைக்காக விற்கவில்லை. சுற்றிலும் கல் நட்ட மனைகளுக்கு நடுவே ஒரே ஒரு வயலில் நாற்று நட ஆள் கிடைக்கவில்லை, உழவு இயந்திரம் உள்ளே வர வழியும் இல்லை. ஆகவே ஒருவர் கையெழுத்திடுவது அவருடைய 80 சென்ட்டோடு முடிவதில்லை. பக்கத்து வயல்காரரின் முடிவையும் அது பாதி எழுதிவிடுகிறது.

அதன்பின் ஏரிக்கு வேலை இல்லை. வேலை இல்லாத ஏரி, தண்ணீர் தேங்கி நிற்கும் வீண்நிலமாகப் பார்க்கப்படும். கழிவுநீர் லாரி வரும், குப்பை வரும், கரையோரம் வீடுகள் வரும். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வேளச்சேரியும் மூழ்கியபோது, வெள்ளம் புகாத இடத்திலெல்லாம் புகுந்துவிட்டது என்றார்கள். பல இடங்களில் தண்ணீர் தன் பழைய கால்வாயில்தான் போனது. நாங்கள்தான் அந்தக் கால்வாய்க்குள் குடியிருந்தோம். எங்கள் தெருவுக்குப் பெயர் சூட்டியபோது அது முன்பு வரத்துக்கால் என்று யாரும் சொல்லவில்லை.

ஊராட்சி மாநகராட்சியில் கரைந்ததில் இன்னொரு நுட்பமான இழப்பு உண்டு. கிராமசபை போய்விட்டது. நான் பள்ளியில் படித்தபோது, குடிநீர்த் தொட்டி எங்கே கட்டப்பட வேண்டும் என்று அம்மா கிராமசபையில் எழுந்து நின்று பேசியதைப் பார்த்திருக்கிறேன். இன்று அதே அம்மா ஒரு மண்டல அலுவலகத்தின் வரிசையில் நிற்கிறார். நூறு நாள் வேலைத்திட்டம் ஊரகப் பகுதிகளுக்கானதாக இருந்ததால், ஊர் நகர எல்லைக்குள் வந்தவுடன் அதுவும் நின்றது. வயல் வேலையும் இல்லை, நூறு நாள் வேலையும் இல்லை. நிலமில்லாத பெண்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் பாத்திரம் துலக்கப் போனார்கள். சாலையும் தெருவிளக்கும் வந்தன என்பதை மறுக்கமாட்டேன்.

நகரத் திட்டமிடல் துறையிலிருந்து ஒருவர் எழுதியது:

இருவரும் சொன்னவற்றை ஒரே நிகழ்வாகப் பார்க்கும் முன், இரண்டு ஊர்களையும் மாற்றிய கருவிகள் வேறு என்பதைச் சுட்ட விரும்புகிறேன்.

சிங்கப்பூரில் மாற்றியது சட்டம். 1966ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம் பொதுநோக்கத்துக்கு நிலத்தை எடுக்கும் அதிகாரத்தை அரசுக்கு விரிவாக வழங்கியது. 1973ஆம் ஆண்டுத் திருத்தம், இழப்பீட்டை அவ்வாண்டு நவம்பர் 30ஆம் தேதி மதிப்போடு பிணைத்து, அதற்குப் பின் உயர்ந்த விலை உரிமையாளரைச் சேராதபடி செய்தது. அந்தக் குறிப்புத் தேதி பிறகு சிலமுறை முன்னகர்த்தப்பட்டாலும், சந்தை மதிப்பில் இழப்பீடு என்ற நிலை 2007இல்தான் வந்தது. அரசுக்குச் சொந்தமான நிலம் 1960இல் 44 விழுக்காடு. 1985இல் 76 விழுக்காடு. பெரியவர் சொன்ன மரக்கணக்கை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்: கம்பத்தில் குடியிருந்தவர்களில் பலர் நிலத்தின் உரிமையாளர்கள் அல்லர். நிலத்துக்கான தொகை உரிமையாளருக்குப் போனது. குடியிருந்தவர்களுக்கு வீடு, மரம், பயிர் ஆகியவற்றுக்கான உதவித்தொகையும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் முன்னுரிமையும் கிடைத்தன. உரிமைப்பத்திரம் இல்லாதவருக்கும் மாற்று வீடு என்ற அந்த ஒரு கொள்கை, என் பார்வையில், இந்த வரலாற்றின் மிக முக்கியமான பகுதி.

சென்னையின் விளிம்பை மாற்றுவது பெரும்பாலும் தனியார் விற்பனை. தொழிற்பேட்டைக்கோ விமான நிலையத்துக்கோ அரசு நிலம் எடுத்தால் செய்தியாகிறது. விமான நிலையம் திட்டமிடப்பட்ட பரந்தூரில் கிராமமக்கள் போராடுவது எல்லோருக்கும் தெரியும். ஆனால் உங்கள் மாமாவின் 80 சென்ட்டைப் போன்ற ஆயிரக்கணக்கான சிறு விற்பனைகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதிக்கும்வரை, சாலையும் வடிகாலும் பொது இடமும் இல்லாத மனைப்பிரிவுகள் பத்திரப்பதிவு அலுவலகத்தின் வழியாகவே பெருகின. மறு ஆண்டே அவற்றை வரன்முறைப்படுத்த விதிகள் வந்தன. 2022இல் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிக்கப்பட்டது. திட்டம் ஊரைச் சென்றடையும் முன்பே மனைக்கல் சென்றடைந்துவிட்டது. இதை என் துறையின் தோல்வியாகவே கருதுகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிங்கப்பூர் தன் கிராம விளிம்பைத் தீர்த்துவிட்டது என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது நகர்ந்திருக்கிறது. பொங்கோலின் பன்றிப் பண்ணைகளை மூடும் முடிவு 1984இல் அறிவிக்கப்பட்டது. பின்னர் உயிருள்ள பன்றிகள் இந்தோனேசியாவின் புலாவ் புலானிலிருந்து வந்தன. தெங்காவின் பயிற்சிக்களம் வீடுகளுக்குப் போனது. படைக்கு வேறு நிலம் தேவைப்பட்டது. 2014இல் லிம் சூ காங்கில் 62 பண்ணைகளிடம் இடத்தைக் காலிசெய்யச் சொல்லப்பட்டது. இன்று இத்தீவின் நிலத்தில் சுமார் ஒரு விழுக்காடுதான் வேளாண்மைக்கு. நம் காய்கறியும் முட்டையும் விளையும் விளிம்பு ஜொகூரிலும் அதற்கு அப்பாலும் இருக்கிறது; அங்கேயும் யாரோ ஒருவர் கையெழுத்திடலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பார்.

கிழக்குத் தெரு எழுதியது:

இந்த இழையில் இதுவரை வராத ஒரு பார்வையை வைக்கிறேன். நானும் அந்தச் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரத்தவன். ஆனால் ஏரிக்கு இந்தப் பக்கம் இருந்த காலனியில் பிறந்தவன். ஆயக்கட்டில் எங்களுக்கு ஒரு சென்ட் நிலமும் இல்லை. கிராமசபையில் அம்மா எழுந்து பேசினார் என்று சகோதரி எழுதியிருக்கிறார். எங்கள் அம்மா அதே கிராமசபையில் ஓரமாக நின்றார். ஊர் கலைந்தது என்று சிலர் வருந்தும்போது, கலைந்ததில் எங்களைக் கட்டிவைத்திருந்த சில கயிறுகளும் உண்டு என்பதை நான் சொல்லியாக வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் 1998இல் கார் ஆலை உற்பத்தியைத் தொடங்கிய பின், எங்கள் தெருப் பையன்கள் ஆண்டையின் வீட்டு வாசலில் கூலிக்கு நிற்பதை விட்டார்கள். 2006இல் கைப்பேசி ஆலை வந்தபோது என் அக்கா சீருடை அணிந்து நிறுவனப் பேருந்தில் ஏறினார். அந்தப் பேருந்தில் யாருக்குப் பக்கத்தில் யார் உட்காரலாம் என்ற பேச்சு இல்லை. 2014 நவம்பரில் அந்த ஆலை மூடப்பட்டபோது எட்டு ஆண்டு அனுபவமும் கையுமாக அவர் வீடு திரும்பினார். திரும்பியபோது நடவு வேலைக்கு வயல் இல்லை. அவர் பெற்றது உண்மை, இழந்ததும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

எங்களுக்கு நிலமே கொடுக்கப்படவில்லை என்றும் சொல்ல முடியாது. செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் இந்த மாவட்டத்திலும் உண்டு. பத்து ஆண்டுகளுக்கு விற்கக்கூடாது, அதன் பின்னும் அதே மக்களுக்குத்தான் விற்கலாம் என்பது நிபந்தனை. நகரம் நெருங்க நெருங்க அந்த நிலங்கள் பிறர் கையில் மனைகளாகின. காரணை என்ற கிராமத்தின் பஞ்சமி நிலத்துக்காக 1994இல் செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில், காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் இருவர் உயிரிழந்தார்கள்.

தெங்காவாசி, உங்கள் தாத்தாவின் நிலம் உங்கள் குடும்பத்துடையதாகவே இருக்கட்டும். ஆனால் அதில் தலைமுறையாக நாற்று நட்டவர்கள் யார், அவர்களுக்கு விற்பனையில் ஏதாவது உண்டா என்று அம்மாவிடம் கேளுங்கள். சட்டப்படி ஒன்றும் கிடையாது என்பது எனக்குத் தெரியும்.

ஏரிக்கரைப் பெண் எழுதியது:

கிழக்குத் தெரு அண்ணா, உங்கள் பதிவுக்கு நன்றி. நான் கிராமசபையைப் பற்றி எழுதியது என் வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்த காட்சி. அதே கூட்டத்தில் ஓரமாக நின்றவர்களை அப்போது நான் பார்க்கவில்லை. எங்கள் நிலத்தில் நடவு செய்த ஒருவரின் மகள் இப்போது நான் ஊருக்குப் போகும்போது தங்கும் அடுக்குமாடியில் வீட்டு வேலை செய்கிறார். அப்பா நிலம் விற்ற பணத்தில் நான் பொறியியல் படித்தேன். அந்த விற்பனையால் அவருடைய அம்மாவுக்கு வந்தது, மறுநாள் வேலைக்கு வர வேண்டாம் என்ற செய்தி மட்டும்தான்.

சோங் பாங் பெரியவர் எழுதியது:

என் பாட்டிக்கு நேர்ந்ததும் அதே வகைதான் என்று இப்போது தோன்றுகிறது. பத்திரத்தில் பெயருள்ளவரைத்தான் கணக்கு பார்க்கிறது. இங்கே குறைந்தபட்சம் தலைக்கு மேல் கூரை உறுதியாக இருந்தது. அங்கே அதுவும் இல்லாதவர்கள் பெரும்பாக்கம் போன்ற தொலைவிடங்களில் கட்டிய குடியிருப்புகளுக்கு அனுப்பப்படுவதைப் பற்றித் துறையறிந்தவர் பிறகு தனி இழையில் எழுதினால் நன்றாக இருக்கும்.

தம்பி, அம்மா என்ன சொன்னார்?

தெங்காவாசி எழுதியது:

நேற்றிரவு எல்லாப் பதிவுகளையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நீர்க்கட்டி என்ற சொல் வந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, அவர்கள் ஊர் நீர்க்கட்டியின் பெயரையும், அவர் சித்திரையில் வீட்டுக்கு வந்து நெல் வாங்கிக்கொண்டு போவதையும் சொன்னார். இதற்கு முன் அம்மா அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. நாற்று நட்டவர்கள் யார் என்று கேட்டேன். மூன்று குடும்பங்களைச் சொன்னார். ஒரு குடும்பம் இப்போதும் அதே ஊரில் இருக்கிறதாம்.

இன்று காலை மாமாவுடன் பேசினோம். விற்கக்கூடாது என்று அம்மா சொல்லவில்லை. பக்கத்து வயல்கள் இரண்டு ஏற்கெனவே மனைகளாகிவிட்டன, மதகுத் தண்ணீர் நிலத்துக்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன என்று மாமா சொன்னபோது, ஏரிக்கரைச் சகோதரி எழுதியதே என் காதில் கேட்டது. அம்மா மூன்று செய்திகளைக் கேட்டிருக்கிறார். நிலத்தை ஒட்டிப் போகும் வாய்க்கால், நில அளவை வரைபடமான புலப்படத்திலும் வருவாய்த்துறையின் அ-பதிவேட்டிலும் வாய்க்கால் புறம்போக்காகவே, அதாவது அரசு நிலமாகவே, இருக்கிறதா, மனைப்பிரிவு வரைபடத்தில் அது அடைக்கப்படாமல் காட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற பிறகே விற்பனை என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். தன் பங்கில் ஒரு பகுதி, நாற்று நட்ட அந்தக் குடும்பத்துக்குப் போக வேண்டும். மூன்றாவதைக் கேட்டதும் மாமா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, ஊரில் இதை யாரும் செய்ததில்லை என்றார். அதற்கு அம்மா, ஊரில் பெண்ணிடம் கையெழுத்தும் இதற்குமுன் யாரும் கேட்டதில்லை என்று பதில் சொன்னார்.

பொங்கலுக்கு அம்மாவும் நானும் ஊருக்குப் போகிறோம். புலப்படத்தின் நகல் எடுக்க வட்டாட்சியர் அலுவலகத்தில் என்னென்ன ஆவணங்கள் கேட்பார்கள் என்று அறிந்தவர்கள் இங்கே எழுதினால் உதவியாக இருக்கும்.